கிணற்றை வெட்டியது யார்?

எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஒரு மாலை தன் தமிழ்ப் பயிற்சித்தாளை எங்களிடம் கொண்டுவந்து நீட்டினாள். ஐந்து கேள்விகள். மூன்றில் சிவப்பு மையில் தவறு போட்டிருந்தது. ஓரத்தில் "வாசித்துப் புரிதல் இல்லை, பெற்றோர் கவனிக்கவும்" என்று ஒரு குறிப்பு. பெற்றோரிடம் காட்டப் பயந்து எங்களிடம் வந்திருந்தாள்.

தாளில் இருந்த கதை சின்னது. ஓர் ஊரில் ஒரு கிணறு இருந்தது. கோடையில் அது வற்றியது. ஊர் மக்கள் ஒன்றுகூடினர். புதுக் கிணறு வெட்டினர். நீர் சுரந்தது. அனைவரும் மகிழ்ச்சியுடன் நீர் அருந்தினர். அவ்வளவுதான். கிணறு எப்போது வற்றியது, வெட்டியதும் என்ன நடந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கதையைப் பார்த்து அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டாள். மற்ற மூன்றில்தான் சிக்கல்.

ஊர் மக்கள் ஏன் ஒன்றுகூடினர்? "நாங்க போவல."
கிணற்றை வெட்டியது யார்? "தாத்தா."
நீர் அருந்தியவர்கள் யார்? "ஊர்க்காரங்க."

கதையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். எங்கும் தடுக்கவில்லை. 'அருந்தினர்' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டோம். எங்களை விசித்திரமாகப் பார்த்தாள். "ஊரு அங்க இருக்குது. நாம காலனி. எங்க தாத்தா கெணறு வெட்டுற வேலதான் செஞ்சிச்சி, ஆயா சொல்லும். ஆனா அந்தக் கெணத்துல ஊர்க்காரங்கதான் மொள்ளுவாங்களாம்."

புரிதல் இல்லை என்று எழுதப்பட்ட பிள்ளையின் புரிதல் இது.

நெய்வேலி நகரியத்தின் வேலிக்கு வெளியே, ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் அதிகம் இருக்கும் ஒரு குடியிருப்பில் நாங்கள் நான்கு பேர் மாலை வகுப்பு நடத்துகிறோம். இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை படிக்கும் இருபது சொச்சம் பிள்ளைகள். அப்பாக்கள் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ காண்ட்ராக்ட் வேலை. அம்மாக்கள் பலர் நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது, கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்கத் தன்னார்வலர்கள் தெருத்தெருவாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்களும் அந்த உற்சாகத்தில் பாய் விரித்தவர்கள்தான். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். நல்ல எண்ணத்தில் வைத்த பெயர்கள். ஆனால் "நான் இன்னும் அரும்புதான்க்கா" என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் சொல்லும்போது, அந்தச் சொல் அழகாக ஒலிக்கவில்லை.

எழுத்துக்கூட்டி வாசிக்கவைப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அந்தப் பயிற்சித்தாள் வந்த பிறகு வேறு மாதிரி வகுப்பு நடத்தவேண்டி வந்தது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அதே கிணற்றுக் கதையை எடுத்துக்கொண்டோம். தாளைக் கொடுக்கவில்லை. ஒரு தாம்புக் கயிறு, ஒரு குடம் இரண்டையும் நடுவில் வைத்து, இது எதற்கு என்று கேட்டோம். பாதிப் பேருக்குக் கயிறும் குடமும் சேர்ந்தால் கிணறு என்று தோன்றவே இல்லை. கிணற்றைப் பார்க்காத பிள்ளைகள். நெய்வேலியில் இது வேடிக்கையான விஷயம்தான். இந்த ஊரின் கதையே ஒரு கிணற்றில்தான் தொடங்குகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது என்பார்கள். அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் பிறந்தது, 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961-ல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் நடக்கும். குழாயைத் திருகாமலே தண்ணீர் தானாகப் பொங்கிய காலம் ஒன்று இருந்ததைக் கிழவிகள் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் லாரி, டேங்க், கேன்.

ஆகவே 'வற்றியது' என்ற சொல் வெறும் ஓசையாக இருந்தது. அகராதிப் பொருளைச் சொல்லிப் பார்த்தோம், 'நீர் குறைந்து இல்லாமல் போதல்' என்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பையன் திடீரென்று, "வத்தக்கொழம்பு மாதிரியா?" என்றான். பிடித்துக்கொண்டோம். கத்திரிக்காயைக் காயவைத்தால் என்ன ஆகும்? சுண்டைக்காயை? அதில் இருந்த தண்ணி எங்கே போனது? வற்றல், வற்றியது, வற்றாத. பத்து நிமிடத்தில் பிள்ளைகள் உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் வற்றவைத்துவிட்டார்கள். "எங்கப்பா பாக்கெட்டு வத்திப்போச்சு" என்று ஒருத்தி சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். 'சுரந்தது' அதைவிட எளிதாக வந்தது, மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்ததால். 'அருந்தினர்' மட்டும் கடைசி வரை ஒட்டவில்லை. யாரும் வீட்டில் எதையும் அருந்துவதில்லை. "பெரிய எடத்துல குடிச்சா அருந்தறது" என்று அவர்களே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். நாங்கள் திருத்தவில்லை.

சொற்களைக் கற்பிப்பது என்றால் கடினச் சொல்லுக்கு எதிரே எளிய சொல்லை எழுதிப்போடுவது என்றுதான் நாங்களும் படித்து வளர்ந்தோம். பாவ்லோ ஃப்ரெய்ரேயை மேற்கோள் காட்டாத செயற்பாட்டாளர் நம்மில் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் சில்வியா ஆஷ்டன் வார்னரையும் படிக்கவேண்டும். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். ஆங்கிலேயப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட வாசிப்புப் புத்தகங்களை ஓரம்வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய ஒரு சொல்லைக் கேட்டு, அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளை பயப்படும் சொல், ஆசைப்படும் சொல், வீட்டில் நடக்கும் சண்டையின் சொல். அவை ஒருமுறை பார்த்தாலே மனதில் நின்றன. அந்த அனுபவத்தை 1963-ல் 'டீச்சர்' என்ற புத்தகமாக எழுதினார். நாங்கள் அட்டைகளோடு முயன்றபோது எங்கள் பிள்ளைகள் கேட்ட சொற்களில் சில: பிரியாணி, ஷிஃப்ட், பேய், பக்கெட் வீல், போனஸ், ஆயா, காலனி.

'காலனி' என்று கேட்டதும் அந்த எட்டு வயதுக்காரிதான். அட்டையில் எழுதினோம். 'ஊர்' என்று இன்னொரு அட்டை எழுதி அருகில் வைத்தோம். அன்றைய வகுப்பு அதிலேயே போய்விட்டது.

நெய்வேலியில் இருப்பிடத்துக்கு ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன. நகரியத்துக்குள் இருப்பவர்கள் வட்டம் என்பார்கள், இத்தனையாவது வட்டம் என்று எண் சொல்வார்கள். பேச்சில் டவுன்ஷிப், பிளாக், குவார்ட்டர்ஸ். வெளியே ஊர், குப்பம், நகர், காலனி. ஒரு பையன் கேட்டான்: "டவுன்ஷிப்பும் கம்பெனி கட்டிக் குடுத்த வீடுதான? அத ஏன் காலனின்னு சொல்லமாட்டாங்க?" சமூகவியல் முதுகலையில் இரண்டு ஆண்டுகள் படித்ததை இந்த ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம் போலிருந்தது. சென்னையில் இதே சொல் வசதியானவர்கள் வாழும் பகுதியின் பெயரிலும் கௌரவமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னோம். நம்பவில்லை. பிறகு 'சேரி' என்று எழுதினோம். சேர்ந்து வாழும் இடம் சேரி, பழைய தமிழில் அது யாரையும் இழிவுபடுத்தும் சொல் இல்லை என்று சொன்னபோது ஒருத்தி கத்தினாள்: "அப்ப பாண்டிச்சேரி?" புதுச்சேரியும் சேரிதான் என்று தெரிந்ததில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஒரு பெரிய நகரம் திடீரென்று சொந்தக்காரன் ஆகிவிட்டது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். முகவரி எழுதும்போது பேனா தயங்கும் அனுபவம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை 'ஊர் மக்கள்' என்ற இரண்டு சொற்களை வாசித்துத் தன்னை அதில் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் 'காலனி' என்ற சொல் மட்டும் இல்லை. 'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை அவள் நடந்து பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

வாசித்துப் புரிதல் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் 64 பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள், வாசிப்பில் பின்தங்கியவர்கள் இருவகையிலும் பேஸ்பால் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இருந்தார்கள். ஆட்டம் தெரிந்த 'பின்தங்கிய' பிள்ளைகள், ஆட்டம் தெரியாத 'கெட்டிக்கார'ப் பிள்ளைகளைவிடப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வாசகர் ஏற்கெனவே என்ன தெரிந்துவைத்திருக்கிறார் என்பதுதான் புரிதலில் பெரும்பங்கு. அப்படியானால் ஒரு கேள்வித்தாளைத் தயாரிப்பவர், வாசிக்கும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்? யாரைக் கண்முன் வைத்துக்கொண்டு 'அனைவரும் நீர் அருந்தினர்' என்று எழுதுகிறார்?

அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்றே நினைக்கிறோம். அவருடைய ஊரில் 'அனைவரும்' என்றால் அனைவரும்தான்.

'கிணற்றை வெட்டியது யார்?' என்ற கேள்வியில் நாங்கள் அதிக நாள் நின்றோம். எதிர்பார்க்கப்பட்ட பதில் 'ஊர் மக்கள்'. அவள் எழுதியது 'தாத்தா'. வெட்டினார், வெட்டுவித்தார் என்று தமிழில் இரண்டு வினை இருக்கிறது. தன்வினை, பிறவினை என்று மேல்வகுப்பில்தான் வரும். நாங்கள் பெயரைச் சொல்லாமல் விளையாட்டாக ஆக்கினோம். "அம்மா சோறு ஆக்கினாள். டவுன்ஷிப் வீட்டு அம்மா?" "ஆக்க வச்சாங்க!" "ராஜராஜன் பெரிய கோயிலை?" "கட்ட வச்சான்!" "ஜம்புலிங்க முதலியார் கிணற்றை?" இங்கே கொஞ்சம் நிதானித்தார்கள். "தோண்ட வச்சாரு," என்றான் அரும்புப் பையன். அவர் நிலத்தில் மண்வெட்டி பிடித்து, அந்தக் கருப்பு மண்ணை முதலில் கையில் அள்ளிய கூலியாள் யார் என்று எந்த வரலாற்றிலும் நாங்கள் படித்ததில்லை. பிள்ளைகள் ஆளாளுக்குத் தங்கள் தாத்தா பெயரைச் சொன்னார்கள்.

இதற்குள் கேள்விகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தோம். தாளிலேயே இருக்கும் பதில், யோசித்தால் கிடைக்கும் பதில், நம்மிடம் இருக்கும் பதில். நீங்கள் எங்காவது வகுப்பு எடுப்பவராக இருந்தால் இதை மட்டுமாவது செய்து பாருங்கள். பிள்ளைகள் தாளில் விரல் வைத்து, "இது இங்க இருக்கு", நெற்றியில் விரல் வைத்து, "இது யோசிக்கணும்", நெஞ்சில் விரல் வைத்து, "இது எங்கிட்ட இருக்கு" என்று சொல்லக் கற்றுக்கொண்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் பெண் மூன்றுக்குமே நெஞ்சிலிருந்து பதில் எழுதியிருந்தாள். தவறு அங்கே ஒன்றுதான்.

அடுத்த கதையாக எதை எடுப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. சிறுவன் பீமாவின் ரயில் பயணத்தை எடுக்கலாம் என்றார் ஒருவர். 1901-ல், சுமார் பத்து வயதில், சதாராவிலிருந்து கோரேகாவில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட கதை. பின்னாளில் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற குறிப்பில் அம்பேத்கரே எழுதியது. எங்களில் இன்னொருவர் கடுமையாக எதிர்த்தார். ஏழு வயசுப் பிள்ளைக்கு இது வேண்டுமா, கொஞ்ச நாள் முயலும் சிங்கமுமாகவே இருக்கட்டுமே, நாம் வாங்கிய காயத்தை அதுகளுக்கும் வாங்கிக்கொடுக்கணுமா என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம்.

கடைசியில் சின்னச் சின்ன வாக்கியங்களாக நாங்களே எழுதினோம். பட்டுக்கரை வேட்டி, சரிகைத் தொப்பி போட்டுக்கொண்டு பிள்ளைகள் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அப்பா வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். என்ன சாதி என்று தெரிந்ததும் விலகிப்போகிறார். மாட்டு வண்டிக்காரர்கள் ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள். ஒருவர் மட்டும் இரட்டைக் கூலிக்குச் சம்மதிக்கிறார். ஆனால் பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். கூடையில் சாப்பாடு இருக்கிறது. வழியில் கிடைத்த தண்ணீர் சாணியும் சேறுமாக நாறுகிறது. இரவில் சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை. சாப்பாட்டை வைத்துக்கொண்டே பசியோடு படுக்கிறார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் வரும் இடத்தில் 'சாதி' என்ற சொல்லை எழுதாமல், 'யார் என்று தெரிந்ததும்' என்று மட்டும் போட்டோம். எதிர்த்த தோழருக்காகச் செய்த சமரசம் அது.

வாசித்து முடித்ததும் கேட்டோம்: "கூடையில் சாப்பாடு இருந்தும் ஏன் சாப்பிடவில்லை?" யோசித்தால் கிடைக்கும் பதில். "தண்ணி இல்லாம எப்படிக்கா எறங்கும்?" என்றார்கள். சரி. "வண்டிக்காரர் ஏன் வண்டியில் ஏறாமல் நடந்தே வந்தார்?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. வண்டி சின்னது என்றாள் ஒருத்தி. மாட்டுக்குப் பாரம் என்றான் ஒருவன். நெற்றியில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன், வகுப்பிலேயே சின்னவன், விரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "தீட்டு," என்றான்.

அந்தச் சொல்லை நாங்கள் கற்பிக்கவில்லை. கதையில் எழுதவும் இல்லை. எந்த அட்டையிலும் அது இருக்கவில்லை. எங்கே கேட்டாய் என்றோம். அம்மாவோடு வேலைக்குப் போன ஒரு வீட்டில் என்று மட்டும் சொன்னான். எதிர்த்த தோழர் எழுந்து போய்ப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அதன் பிறகு இந்தக் கதை வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு எங்களுக்குள் வரவில்லை.

பிள்ளைகளுக்கு இன்னொரு கவலை இருந்தது. அப்பா ஏன் ஸ்டேஷனுக்கு வரவில்லை? கடிதம் போய்ச் சேர்ந்தது, வேலையாள் அதை அப்பாவிடம் சேர்க்கவில்லை என்று சொன்னோம். "அவங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா?" "தெரியும்." "அப்ப லெட்டர் மட்டும் கையில கெடச்சிருந்தா வந்திருப்பாரு, இல்ல?" இதையே நாலு பேர் நாலு விதமாகக் கேட்டார்கள். அந்த வாரம் பிள்ளைகள் பீமாவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒன்றில், "எங்க வீட்டுக்கு வா, கேன் தண்ணி இருக்கு" என்று இருந்தது.

இவ்வளவையும் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் அம்மா ஒருநாள் வேலை முடித்து வரும் வழியில் வகுப்பு வாசலில் நின்றார். "டீச்சரம்மா, நீங்க நல்லதுதான் சொல்றீங்க. எம்பொண்ணு பேசறதக் கேட்டா எனக்கே ஆசையாத்தான் இருக்கு. ஆனா அங்க மார்க்கு போடறவங்க நீங்க இல்லியே. மார்க்கு வாங்கற பதிலயும் சொல்லிக்குடுங்க."

அவர் சொன்னதுதான் எங்களைச் சரியாக உட்காரவைத்தது. தாளில் இருப்பதைத் தாளில் இருப்பதாகவே எடுத்து எழுதத் தெரியவேண்டும். அதைச் சொல்லித்தராமல் 'உன் பதில்தான் உண்மை' என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு நாங்கள் கட்டுரை எழுதப் போய்விட்டால், பத்தாம் வகுப்பில் மாட்டிக்கொள்ளப்போவது அவள். அதன்பின் ஒவ்வொரு கதைக்கும் கேட்டவர் எதிர்பார்க்கும் பதில், நமக்குத் தெரிந்த பதில் என்று இரண்டையும் எழுதப் பழக்குகிறோம். முதலாவது முழு வாக்கியமாக, எழுத்துப்பிழை இல்லாமல். 1998-ல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வாங்கிச் சேர்த்த பத்து, இருபது ரூபாய்க் கதைப்புத்தகங்களில் பாதி இப்படிக் கிழிந்துபோயிற்று. வருத்தமில்லை.

ஆயாவையும் ஒருநாள் வகுப்புக்கு அழைத்துவந்தோம், கிணறு வெட்டியவரின் மனைவியை. அவர் பிறந்த ஊர் இப்போது இல்லை. "பள்ளத்துல பூடுச்சி" என்று சுரங்கத்துப் பக்கம் கையைக் காட்டினார். ஊரும் சேரியும் சேர்ந்தே போயிற்றாம். நிலம் வைத்திருந்தவர்களுக்கு அதற்கென்று பணம் கிடைத்தது, வெட்டிய கிணற்றுக்கு என் வீட்டுக்காரருக்கு என்ன பாத்தியதை என்று சிரித்தார். உறை, தாம்பு, ஏற்றம், ஊற்றுக்கண் என்று அவர் வாயில் வந்த சொற்களைப் பிள்ளைகள் ஓடி ஓடி அட்டையில் எழுதினார்கள். 'ஊற்றுக்கண்' எல்லோருக்கும் பிடித்துப்போனது. பூமிக்குக் கண் இருக்கிறது என்பதை நம்புவதற்கு அவர்களுக்கு நேரமே ஆகவில்லை.

போன மாதம் அந்தப் பெண் இன்னொரு பயிற்சித்தாளைக் கொண்டுவந்தாள். இந்த முறை பயப்படாமல். திருவிழாவைப் பற்றிய கதை. 'தேர் எங்கெல்லாம் சென்றது?' என்று ஒரு கேள்வி. "தேர் ஊரில் உள்ள எல்லாத் தெருக்களுக்கும் சென்றது" என்று திருத்தமாக எழுதி, சரி வாங்கியிருந்தாள். அதற்குக் கீழே பென்சிலில், பொடியாக, "எங்க தெருவுக்கு வராது" என்று இன்னொரு வரி. அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் தவறும் இல்லை, சரியும் இல்லை. ஆசிரியர் ஒரு கேள்விக்குறி போட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்திருந்தார்.

வரும் திங்களன்று அவரைப் பார்க்கப் போகிறோம். சண்டைக்கு இல்லை. பெண்ணின் அம்மாவும் அரை நாள் லீவு கேட்டிருக்கிறார்.